நாடியாள்

கொம்பையாவுக்கும் சலேத்துக்கும் ஆகாது. பாம்புக்கும் கீரிக்கும்கூட நடுவில் ஒரு வேலி இருக்கும். இவர்களுக்கு நடுவில் இருந்தது ஒரு கியர்க் கம்பிதான். வாரத்துக்கு இரண்டு நடை, தூத்துக்குடியிலிருந்து சென்னை விமான நிலையம் வரை, ஒரே லாரியின் முன்கூண்டில் அறுநூறு கிலோமீட்டர். ஏழு மாதமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நல்ல வார்த்தை பரிமாறிக்கொண்டதாக இருவருக்குமே நினைவில்லை.

கொம்பையாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாயைத் திறந்தால் வசவு. லோடு ஏற்றுகிறவன், சுங்கச்சாவடிக்காரன், குறுக்கே வருகிற ஆடு, எதிரே அடிக்கிற வெயில், எல்லாருக்கும் அவரிடம் ஒரே பெயர்: செத்த மூதி. கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. மற்றவர்கள் மூச்சு விடுவதுபோல் அவர் ஏசுவார். ஏசி முடித்ததும் முகத்தில் ஒரு தெளிவு வரும், நல்ல சாப்பாடு சாப்பிட்டவனைப்போல.

சலேத்துக்கு முப்பத்துநாலு. சிலுவைத்துறைக் கடற்கரைக்காரி. கம்பெனியில் அவளுடைய வேலையின் பெயர் நாடியாள். அந்தப் பெயரைக் கேட்டாலே கொம்பையாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை எட்டயபுரம் விலக்கில், புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"டேங்குல என்ன?"

"களவா மீனு சார். அறுநூறு உருப்படி. உசுரோட சிங்கப்பூருக்குப் போகுது. அங்க தொட்டிக்குள்ள விட்டு வேடிக்கை பாத்துட்டு, இத வெட்டு, அத வெட்டும்பாங்க."

"பக்கத்துல யாரு, சம்சாரமா?"

"தெய்வமே, நல்ல வார்த்தை சொல்லுங்க சார். அது மீனுக்கு ஆயா."

சலேத் அந்தப் பேச்சைக் காதில் வாங்கியதாகவே காட்டவில்லை. மணிக்கட்டை உயர்த்தி நீல ரப்பர்க் காப்பைக் காட்டினாள். "நாடியாளு சார். தூரப் பயணத்துல மீனு பயப்படும். பயந்தா மூச்ச வேகமா இழுக்கும், அழுக்கக் கழிக்கும். ஒண்ணு பயந்தா எல்லாம் பயப்படும், தண்ணியே நஞ்சாயிரும். முன்னால கிராம்புத் தைலம் ஊத்தி மயக்கிக் கொண்டு போனாங்க. கறியில மருந்து நிக்குதுன்னு வாங்குறவன் வேண்டாம்னுட்டான். இப்ப இந்தக் காப்பு என் நாடிய எடுத்து, அதே துடிப்பா தொட்டிச் சுவர்ல மெல்லத் தட்டும். மீனுக்கு உடம்பெல்லாம் காதுல்லா. என் நெஞ்சு நிதானமா அடிச்சா அதுக நெஞ்சும் நிதானத்துக்கு வந்துரும்."

"உங்களுக்குக் கோவம் வந்துட்டா?"

"வராது சார்."

"வராது சார்," என்று கொம்பையா பழித்துக் காட்டினார். "ஏழு மாசமா முயற்சி பண்ணிப் பாக்கேன். கல்லுல நாரு உரிச்சிரலாம்."

போலீஸ்காரர் அவர் கையிலிருந்த காப்பையும் பார்த்தார். அதுவும் அதே நீலம்.

"இது தூக்கக் காப்பு சார். டிரைவர் கண்ணசந்தா கத்தும். மூணு மாசமா எனக்கு ஒரு சத்தம் கொடுத்ததில்ல," என்றார் கொம்பையா பெருமையாக.

வண்டி நகர்ந்ததும் கண்ணாடியில் சிறுத்துப் போன போலீஸ்காரரைப் பார்த்து, "சம்சாரமாம். செத்த மூதி," என்றார். சலேத் வெளியே பார்த்துக்கொண்டு, "நாய் குலைச்சு மலை தேயாது," என்றாள். இதுதான் அவர்களுடைய காலை வணக்கம்.

கொம்பையாவின் பகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் உட்கார்ந்திருக்கிற இருக்கை பதினான்கு வருடம் அவருடைய மச்சினனுடையது. நாடியாள் வந்ததும் கிளீனர் வேண்டாம் என்று கம்பெனி அவனை அனுப்பிவிட்டது. பாட்டுப் போடக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது, சடாரென்று பிரேக் போடக் கூடாது, நாடியாளுக்குச் சஞ்சலம் வந்துவிடுமாம். ஏசவும் கூடாது என்றார்கள். அதை மட்டும் அவர் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, மூன்று மாதமாக ஒரு மீன்கூடச் சாகாமல் கொண்டு சேர்த்ததற்காக அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, அந்தப் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஓட்டுகிறவன் ஒருத்தன், ஆடை இன்னொருத்திக்கு.

மதுரை தாண்டி மேலூரில் டீக்கு நிறுத்தினார்கள். மணி பத்து. சலேத் கழிவறைக்குப் போயிருந்தபோது கொம்பையாவின் செல்போன் அடித்தது. கண்காணிப்பு அறையிலிருந்து தனசிங். வண்டி எங்கே போகிறது, மீன் எப்படி இருக்கிறது, யார் நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவன் வேலை.

"அண்ணாச்சி, அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்காளா?"

"இல்ல. என்ன?"

"அவங்க அப்பா தவறிட்டாரு. காலையில ஏழு மணிக்கு. அவ அண்ணன் பேசுனான்."

"அத எங்கிட்ட எதுக்குவே சொல்லுத? அவகிட்டல்லா சொல்லணும்."

"வீட்டார் படிவம் இருக்குல்லா. வண்டி ஓட்டத்துல இருக்கும்போது கெட்ட சேதி எதுன்னாலும் கம்பெனிக்குத்தான் சொல்லணும், நாடியாளுக்குச் சொல்லக் கூடாதுன்னு அவன் கையெழுத்துப் போட்டிருக்கான். மீனு இறங்குனதும் நாங்களே பக்குவமாச் சொல்லுவோம்."

"எப்ப எடுக்காங்க?"

"நாலு மணிக்கு. சாயங்காலம் ஊர்ல திருவிழாக் கொடியேத்து. அதுக்கு முன்னால அடக்கம் முடிஞ்சிரணும்னு ஊர்க் கமிட்டி சொல்லிட்டாம்."

"நாலு மணிக்கு நாங்க விழுப்புரத்துல இருப்போம்."

"அதனாலதான் சொல்லுதேன். நீங்க எப்பவும்போல இருங்க அண்ணாச்சி. மூஞ்சியில காட்டிராதீங்க. மீனு முக்கியம்."

கொம்பையா போனைப் பையில் போட்டார். சலேத்திடம் போன் கிடையாது. நாடியாள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, கிளம்பும்போதே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு, எதுவும் தெரியாத முகத்தோடு கடையை நோக்கி நடந்து வந்தாள். அப்பன் முகத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. வண்டி ஒவ்வொரு கிலோமீட்டர் முன்னால் போகப் போக அதுவும் குறைந்துகொண்டே வரும்.

அப்போது அவர் ஒரு தப்புச் செய்தார். ஒரு டீயை வாங்கி அவளிடம் நீட்டினார். "இந்தா, குடி."

சலேத் டம்ளரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன கலந்திருக்கீங்க?"

"குடிச்சாக் குடி, குடிக்காட்டிப் போ."

அவள் குடிக்கவில்லை. கீழே ஊற்றிவிட்டு வண்டியில் ஏறினாள்.

துவரங்குறிச்சி தாண்டும்போது பைக்கில் வந்த ஒருவன் சந்திலிருந்து நேராக வண்டிக்கு முன்னால் பாய்ந்தான். கொம்பையாவின் வாய் வழக்கம்போல் திறந்தது. "செத்த…" என்று தொடங்கியவர் அப்படியே விழுங்கினார். அப்பனைப் பறிகொடுத்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? நாற்பது வருடமாக ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை. அன்றுதான் அதில் சாவு இருப்பதே அவர் காதில் விழுந்தது. வேறு வசவு தேடினார். எல்லாவற்றிலும் பாடையோ சுடுகாடோ இருந்தது. வாயை மூடிக்கொண்டார். நெஞ்சுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு வந்தது.

எதிரே, நாடியாளின் நாடியைக் காட்டுகிற பலகையில் பச்சை எண் மஞ்சளானது. எழுபத்தெட்டு. தொண்ணூறு. நூற்றுப் பத்து. தொட்டிக்குள்ளிருந்த கேமராவில் களவா மீன்கள் சுவரில் போய் முட்டின. ஒன்று மல்லாந்து வெள்ளை வயிற்றைக் காட்டியது. பிறகு இன்னொன்று.

செல்போன் அலறியது. "அவகிட்ட என்னத்தவே சொல்லித் தொலைச்சீரு? நாடி நூத்துப் பத்துல நிக்கி!"

"நான் வாயே தொறக்கலவே!" என்று கத்தினார் கொம்பையா.

சலேத் பலகையைப் பார்த்தாள். இரண்டு விரலைக் கழுத்தோரம் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, உதடசையாமல் எண்ணினாள்.

"வண்டிய ஓரங்கட்டுங்க."

"ஏன்?"

"எனக்கு அறுபத்திநாலுதான் அடிக்கி. நூத்துப் பத்து யாருக்கு அடிக்கி?"

புளியமரத்தடியில் வண்டி நின்றது. அவள் தன் காப்பைக் கழற்றி உள்பக்கத்தை வெயிலுக்குக் காட்டினாள். அவர் கையையும் இழுத்து அந்தக் காப்பைத் திருப்பிப் பார்த்தாள். எழுத்தை உப்பு தின்றிருந்தாலும், உற்றுப் பார்த்தால் கொம்பையாவின் கையில் இருந்ததில் 'நா' என்ற பாதி எழுத்து தெரிந்தது.

நடந்தது இதுதான். மீன் ஏற்றும்போது தொட்டியில் கை விடுவதற்கு முன்னால் இருவரும் காப்பைக் கழற்றிக் கண்ணாடிக் கம்பியில் மாட்டுவார்கள். கை கழுவிவிட்டு எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பேசிக்கொள்கிற இரண்டு பேராக இருந்தால், 'இது உன்னதா, என்னதா' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். இவர்கள்தான் பேசுவதில்லையே. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆளுக்கொன்றை மாற்றி எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்; அதிலிருந்து அவரவர் எடுத்ததே அவரவருடையது என்றாகிவிட்டது.

"மூணு மாசமா நான் கண்ணசந்தா இது கத்துது," என்றாள் சலேத். "நாடியாளு தூங்கக் கூடாதுன்னு கம்பெனி புதுசா ஒண்ணு வச்சிருக்கான்னு நினைச்சேன். அப்ப இந்த மூணு மாசமும் மீனத் தூங்க வச்சது உங்க நெஞ்சா?"

கொம்பையாவுக்குச் சிரிக்க வேண்டுமா அழ வேண்டுமா என்று தெரியவில்லை. பொன்னாடை ஞாபகம் வந்தது. ஆனால் அவள் அங்கேயே நிற்கவில்லை.

"சரி. இப்ப ஏன் இப்படி அடிக்கி?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"டீ வாங்கிக் கொடுத்தீங்க," என்றாள் அவள் மெதுவாக. "மேலூர்ல இருந்து ஒரு வசவு இல்ல. பைக்காரன் குறுக்க வந்தான், அவனையும் ஏசல. எங்கிட்ட நல்லவிதமா நடந்துக்கிட எவனோ உங்களுக்குச் சொல்லிருக்கான்." பிடித்திருந்த அவர் கையை விட்டாள். "எங்க வீட்டுல துட்டி. செத்தது யாருன்னு மட்டும் சொல்லிருங்க."

கொம்பையாவால் அதற்கு மேல் முடியவில்லை. "ஒங்க அப்பா. காலையில ஏழு மணிக்கு. நாலு மணிக்கு எடுக்காங்க."

கல் என்று அவர் சொன்ன பெண் குனிந்து முழங்காலில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். சத்தம் வராத அழுகை முதலில், பிறகு சத்தம். கொம்பையா அவளைத் தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. தெரிந்தும் ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வண்டியத் திருப்புங்க அண்ணாச்சி."

ஏழு மாதத்தில் அவள் அண்ணாச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மணி பதினொன்று. இருநூற்று முப்பது கிலோமீட்டர். தொட்டி வண்டியை அடித்து விரட்ட முடியாது. பிளேன் போய்விடும். வேலையும் போய்விடும், சந்தேகமே இல்லை. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

வண்டி திரும்பிய அடுத்த நிமிடம் முன்கூண்டு ஒலிபெருக்கியில் தனசிங் வந்துவிட்டான். "கொம்பையா! எங்க திரும்புறீரு? லோடக் கடத்துனதா கேஸ் கொடுப்பேன். உள்ள போயிருவீரு!"

பலகையில் நூற்று இருபது. நாலு மீன் மல்லாந்துவிட்டது. மற்றவை தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தன.

"சாவட்டும்," என்றார் கொம்பையா. "நமக்கு என்ன."

"வேண்டாம்," என்றாள் சலேத். முகமெல்லாம் கண்ணீர். "ஒரு துட்டிக்கு அறுநூறு துட்டியா? ஏசுங்க அண்ணாச்சி."

"என்னது?"

"மூணு மாசமா நீங்க ஏசும்போதுதான் அதுக தூங்கிருக்கு. அடைச்சு வச்சிருக்கதாலதான் இப்படி அடிக்கி. வாயத் தொறந்து ஏசுங்க."

"யார ஏச? ஒன்னையா? ஒப்பன் கெடக்கும்போது ஒன்னைய ஏசுனா என் நாக்கு அழுகிப் போகும்."

"ஒலிபெருக்கியில ஒருத்தன் கத்துதான்லா. அவன ஏசுங்க."

கொம்பையா ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினார். பிறகு மடையைத் திறந்துவிட்டார்.

"ஏலே தனசிங்கு! கட்டையில போற கோட்டிக்காரப் பயலே! ஒருத்தி அப்பன் மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு எவன்ல சட்டம் போட்டான்? ஒன்னையப் பெத்தவ வயித்துல பெரண்டையக் கட்டணும்லே. படிவமாம்ல படிவம்! அந்தப் படிவத்தச் சுருட்டி ஒன் பாடைக்குத் தோரணம் கட்டுதேன் பாரு. செத்த மூதி! வெளங்காத மூதி!" தனசிங்கின் ஏழு தலைமுறைக்கும் போனார். அவன் பள்ளிக்கூட வாத்தியாரையும் அவனுக்குத் தொட்டில் செய்த தச்சனையும் விடவில்லை. கொடைரோட்டுப் பக்கம் கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

நூற்றுப் பத்து. தொண்ணூற்றைந்து. எண்பது. மதுரை வட்டச்சாலையில் எண் பச்சைக்கு வந்தது. மீன்கள் தரைக்கு இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டன. ஒரு பக்கம் அவர் ஏச, மறு பக்கம் சலேத் அப்பனைச் சொல்லிச் சொல்லி அழ, வண்டி தெற்கே போனது. அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அவள் அழுகையை நிறுத்தி, "விட்டுறாதீங்க," என்பாள்.

ஒரு விஷயம் கொம்பையாவுக்கு விளங்கவில்லை. இவ்வளவு வசவையும் வாங்கிக்கொண்டு தனசிங் இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவன் எதிர்த்தும் பேசவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று ஐம்பதுக்குச் சிலுவைத்துறை. கோயில் வாசலில் பெட்டி இருந்தது, மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். வண்டி நிற்பதற்கு முன்பே சலேத் குதித்து ஓடினாள். கூட்டம் விலகியது. "எப்பா, நான் வந்துட்டேம்பா" என்று ஒரு குரல். கொம்பையா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால், யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மூன்றாம் நாள் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். போலீஸ் இருக்கும் என்று நினைத்துப் போனார். தனசிங் மட்டும்தான் இருந்தான். எழுந்து நின்று நாற்காலி காட்டினான். கொம்பையா உட்காரவில்லை.

"அறுநூறுல நாலுதான் அண்ணாச்சி போச்சு. மறுநாள் பிளேன்ல அனுப்பிட்டோம். போகவர பத்து மணி நேரம், பக்கத்துல ஒருத்தி ஒப்பாரி வைக்கா, அதுலயும் மீனு தூங்கிருக்கு. உங்க நாடி ஆயிரத்துல ஒண்ணு."

"சலேத்து?"

"அவ நாடிக்கு இங்க இனி வேலை இல்ல. அடுத்த மாசம் தானா ஓடுற வண்டி வருது, டிரைவரும் வேண்டாம். நீங்க அவ எடத்துல உக்காரணும். நீங்கதான் நாடியாளு. தாராளமா ஏசிக்கிட்டே போகலாம்."

"மாட்டேன்னு சொன்னா?"

தனசிங் ஒரு தாளை நகர்த்தினான். லோடு கடத்தியதாகப் புகார். தேதி மட்டும் போடவில்லை. "எழுதித்தான் வச்சிருக்கேன். கொடுக்கல."

"ஒன் குடி வெளங்குமால செத்த மூதி," என்று தொடங்கினார் கொம்பையா. நிறுத்தாமல் ஏசினார். தனசிங் கோபப்படவில்லை. அவர் கையில் இன்னும் கழற்றாமல் மாட்டியிருந்த காப்பையும் மேசைத் திரையையும் பார்த்துச் சிரித்தான்.

"அறுபத்தொண்ணு. நல்லா ஏசுங்க."

கொம்பையாவின் வாய் அடைத்துப் போனது. இந்த உலகத்தில் தன்னுடையது என்று அவர் நம்பியிருந்தது அந்த வாய் ஒன்றுதான். அதையும் எடுத்துக் கம்பெனிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டார். வீட்டார் படிவம் எங்கே என்று அவர் கேட்டதற்கு, "அது காலையிலேயே ஆயிட்டு அண்ணாச்சி. நம்ம ஆளு வீட்டுக்கே போயி அக்காட்ட வாங்கிட்டான்," என்றான் தனசிங். அவன் காட்டிய படிவத்தின் கீழே கோணல்மாணலாகப் பேராச்சி என்று அவர் மனைவியின் கையெழுத்து இருந்தது.

புது வண்டியில் முதல் நடை புறப்படுகிற காலை. அவருக்கு வாய்த்த பேராச்சி சாதாரணமானவள் அல்ல. ஏசுவதில் அவருக்கே பாடம் எடுப்பாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் சண்டை போடாமல் அவரை வாசல் தாண்ட விட்டதில்லை. அரிசி இல்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, ஒம்ம அக்கா இப்படிச் சொன்னாள், ஒம்மைக் கட்டி என்ன கண்டேன் என்று தெருமுனை வரை குரல் துரத்திக்கொண்டு வரும்.

அன்று அவள் காப்பியை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள். சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். சிரித்தாள்.

"மக பேசுனாளா?" என்று கேட்டார். மகளைச் சங்கரன்கோவிலில் கட்டிக் கொடுத்திருந்தது; இப்போது அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம்.

"பேசுனா. நல்லா இருக்கா. எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒரு குறையும் இல்லங்க."

ங்க. இருபத்தாறு வருடத்தில் அவள் வாயில் அந்த மரியாதையை அவர் கேட்டதே இல்லை.

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"வெங்காயம் நறுக்கினேன்."

கொம்பையா அடுப்படியை எட்டிப் பார்த்தார். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

"ஏ பேராச்சி," என்றார். குரல் கெஞ்சியது. "என்னைய ஒரு வார்த்தை ஏசு. ஒண்ணே ஒண்ணு."

"நான் எதுக்கு ஏசப் போறேன்?" அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். "மனசுல ஒண்ணும் வச்சுக்காம, நிம்மதியாப் போயிட்டு வாங்க."

வாசலில் ஆளில்லாத வண்டி கதவைத் திறந்துகொண்டு நின்றது. கதவுக்குள் தெரிந்த பலகையில் கொம்பையாவின் நாடி எண் ஏறத் தொடங்கியது.